கேள்வி பதில்: ஈசூன் மாமா போய்விட்டார், அடுத்து என்ன செய்வது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மனிதரைப் பற்றியவை. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வட்டாரமே "மாமா" என்று கூப்பிட்ட தொண்டூழியர் ஒருவர் போன மாதம் மாரடைப்பில் காலமாகிவிட்டார். சனிக்கிழமை காலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், வயதானவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நாற்காலி எடுத்துப்போட முதல் ஆளாக நின்றவர். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரையும், எழுதியவர்களின் பெயரையும் போடவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்கிறேன். இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்குத்தான்.

கேள்வி: மாமாவின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் புளோக்கில் எல்லாரும் பேசுகிறோம். ஒருவர் காற்பந்துக் கிண்ணம் என்கிறார், இன்னொருவர் வருடா வருடம் விருந்து வைக்கலாம் என்கிறார், கீழ்த்தளத்துச் சுவரில் அவர் படத்தை வரையலாம் என்றும் ஒரு யோசனை. பேசிப் பேசியே மூன்று வாரம் ஓடிவிட்டது. அவருக்குப் பொருத்தமானது எது? (பக்கத்து புளோக்கில் தனியாக இருக்கும் தாத்தா ஒருவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதுகூட மாமாதான். அப்படிப்பட்ட மனிதர்.)

கிண்ணமும் நல்லது, விருந்தும் நல்லது, எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே ஒரு வரி, அதைப் படித்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அந்தத் தாத்தா இந்த மூன்று வாரமும் டயாலிசிஸுக்கு எப்படிப் போனார்? யாராவது போய்ப் பார்த்தீர்களா? டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். தவறவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது நேராக இதயத்தைத் தாக்கும். இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர் எப்படியோ சமாளித்துப் போய் வந்துகொண்டிருந்தால் சந்தோஷம்.

மாமா மாதிரி ஒருவர் திடீரென்று போகும்போது உண்மையில் நடப்பது இதுதான். ஓர் அமைப்பில் பதிந்துகொண்டு வேலை செய்யும் தொண்டூழியருக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கும், ஒருவரால் வர முடியாவிட்டால் இன்னொருவரை அனுப்புவார்கள். தானாக இறங்கிச் செய்கிறவரிடம் அப்படி எதுவும் இருக்காது, எல்லாம் அவர் தலைக்குள்ளேயும் கைப்பேசிக்குள்ளேயும்தான். யாருக்கு எந்தத் தேதியில் பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு, யாருக்குக் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் வேண்டும், எந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வருவான், இதெல்லாம் அவரோடு போய்விட்டது. உதவி வாங்கிக்கொண்டிருந்தவர்களும் வாய் திறக்கமாட்டார்கள். துக்க வீட்டில் போய் "இனி என்னை யார் கூட்டிப்போவார்கள்" என்று எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். அவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். காப்பிக் கடைக்காரரைக் கேளுங்கள், மினிமார்ட்டில் கேளுங்கள், உங்கள் புளோக்கைப் பெருக்கும் ஊழியரைக் கேளுங்கள், மாமா யார் வீட்டுக்குப் பையோடு போவார் என்று இவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவருடைய கைப்பேசியைக் குடும்பத்திடம் கேட்டு வாங்காதீர்கள், அதில் மற்றவர்களின் நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாம் இருக்கும். அவர் மகளோ மனைவியோ மனம் கொஞ்சம் தேறிய பிறகு அவர்களே பார்த்து, உதவி தேவைப்படுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லட்டும். தொடர்ந்து கவனிப்பு தேவைப்படுகிறவர்களைப் பக்கத்தில் இருக்கும், முதியவர்களுக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலும் சமூகச் சேவை அலுவலகத்திலும் சொல்லிவையுங்கள், டயாலிசிஸ் நிலையத்திலும் நிலைமையைச் சொல்லிப் போக்குவரத்துக்கு உதவி உண்டா என்று கேளுங்கள். அப்புறம் கிண்ணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

என்னைக் கேட்டால், சனிக்கிழமை வகுப்பு நிற்காமல் நடந்தால் அதற்கு அவர் பெயரை வைப்பதுதான் முதல் மரியாதை. சுவர் ஓவியம் வேண்டுமென்றால் கீழ்த்தளம் நகர மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது, அவர்கள் அனுமதி இல்லாமல் தூரிகையைத் தொடாதீர்கள்.

கேள்வி: மாமாவின் நினைவுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் அவரிடம் கணக்குப் படித்தவன். எனக்கு மேடைத் தமிழ் வராது. அவர் புரோட்டாவை நாலாகக் கிழித்து வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எப்படிப் பேசுவது?

தம்பி, உங்கள் பேச்சு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்தப் புரோட்டாவைச் சொல்லுங்கள். எந்தக் கடையில் வாங்கினார், எத்தனை பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள், கால்வாசியையும் அரைவாசியையும் கூட்டச் சொன்னபோது யார் தப்பாகச் சொன்னார்கள், பாடம் முடிந்ததும் அந்தத் துண்டுகளை யார் சாப்பிட்டார்கள். அப்புறம் உங்களுக்குத் தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வில் கணக்கு எப்படி வந்தது என்று சொல்லுங்கள், நன்றாக வராவிட்டாலும் சொல்லுங்கள், அன்றைக்கு அவர் உங்களிடம் என்ன பேசினார் என்பதையும் சேர்த்து. மூன்று நிமிடம் போதாமல் போகும் பாருங்கள்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு", "அன்னாரின் ஆன்மா சாந்தியடைய" எல்லாம் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள், அதில் தவறில்லை, நீங்களும் சொல்ல வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். கூட்டத்தில் மாமாவின் சீன, மலாய் நண்பர்களும் இருப்பார்கள் இல்லையா, கடைசி அரை நிமிடம் அவர்களுக்காக ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அழுகை வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள்.

கேள்வி: நான் அவர் மகள். வருகிறவர்கள் எல்லாரும் அப்பாவைத் தெய்வம் என்கிறார்கள். கேட்கப் பெருமையாகவும் இருக்கிறது, கோபமும் வருகிறது. தீபாவளி அன்றைக்குக்கூட மதியத்துக்கு மேல் அவர் வீட்டில் இருந்ததில்லை, யாருக்காவது சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பிவிடுவார். அம்மா தனியாகத்தான் எங்களை வளர்த்தார். இப்படி நினைப்பது தப்பா?

இல்லையம்மா, தப்பே இல்லை. நீங்கள் எழுதியதை நான் பலமுறை படித்தேன். ஊரே ஒருவரைப் பங்குபோட்டுக்கொள்ளும்போது அந்தப் பங்கு யாருடைய தட்டிலிருந்து போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அவர் மற்றவர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு மாலைப்பொழுதும் உங்கள் வீட்டிலிருந்து போனது, அதை உங்கள் அம்மாவும் நீங்களும்தான் கொடுத்தீர்கள், விருப்பப்பட்டுக் கொடுத்தாலும் சரி, வேறு வழியில்லாமல் கொடுத்தாலும் சரி. பெருமையும் கோபமும் ஒரே நேரத்தில் வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டுமே உண்மை. ஒன்றை மறைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது.

ஆனால் வருகிறவர்களிடம் அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டுமா என்றால், அவர்களுக்கு அது புரியாது, உங்களுக்கும் ஆறுதல் கிடைக்காது. நெருங்கிய ஒருவரிடம், தம்பி தங்கை இருந்தால் அவர்களிடம், மனம் விட்டுப் பேசுங்கள். அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அம்மாவுக்கு இதைவிடப் பெரிய கோபமும், இதைவிடப் பெரிய சமாதானமும் இருக்கும், நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

இந்தப் பதிலை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை, உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். "அப்பா எங்களுக்கு எவ்வளவோ செய்தார்" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்களே, இப்போது அந்த அம்மாவுக்கு என்ன தேவை என்று கேட்டீர்களா? மத்திய சேமநிதி, வங்கி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொரு கவுண்டராக அவர் ஏறி இறங்க வேண்டியிருக்கும். யாராவது விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வீடு வெறிச்சோடிப்போகும், இந்த நாள்களில் ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள். அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போங்கள், மதியத்துக்கு மேல்.

கேள்வி: மாமா விளம்பரம் பிடிக்காதவர். புகைப்படம் எடுத்தால்கூடப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவருக்கு விழா எடுப்பது சரியா?

சடங்கைப் பற்றியும் ஆடம்பரத்தைப் பற்றியும் அவர் ஏதாவது சொல்லிவைத்திருந்தால் அப்படியே செய்யுங்கள். ஆதரவற்ற முதியவர்களுக்காக 1965இல் இல்லம் தொடங்கிய தெரேசா சூ அம்மையார் 2011 டிசம்பரில் காலமானபோது, அவர் விருப்பப்படி எந்தச் சடங்கும் இல்லாமல் தகனம் செய்துவிட்டார்கள், செய்தியே பிறகுதான் வெளியில் வந்தது. ஆனால் 2014இல் சிங்கப்பூர் மகளிர் புகழரங்கத்தில் அவருக்கும் இடம் கொடுத்தார்கள். இரண்டும் சரிதான் என்று நினைக்கிறேன். எப்படி வழியனுப்ப வேண்டும் என்பதை அவர் சொல்லலாம், அவரை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தாலும் நாம் கேட்கப்போவதில்லை.

கேள்வி: அவர் பெயரில் ஓர் உதவித்தொகை ஆரம்பிக்கலாம் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருடைய பேநவ் (கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் முறை) எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒருவர் நல்லவராகவே இருக்கட்டும், அவரைக் காப்பாற்றுவதற்காகவும்தான் சொல்கிறேன். சொந்தக் கணக்கில் பொதுப் பணம் சேர்ந்தால் ஆறு மாதம் கழித்து யாராவது கணக்குக் கேட்பார்கள், அன்றைக்கு மாமாவின் பெயர்தான் அடிபடும். முதலில் குடும்பத்திடம் சம்மதம் வாங்குங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ பணம் திரட்ட இங்கே உரிமம் வேண்டும். 10 பேருக்குக் குறையாமல் சேர்ந்து ஒரு சங்கமாக நடத்தப்போகிறீர்கள் என்றால் சங்கப் பதிவகத்தில் பதிய வேண்டும். இவ்வளவு வேலையும் வேண்டாம் என்றால் ஏற்கெனவே பதிவாகி, கல்விக்கு உதவும் ஓர் அறக்கொடை அமைப்பிடம் போய், மாமா பெயரில் ஒரு தொகையை வைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த அமைப்புக்கு ஐபிசி தகுதி (நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் அங்கீகாரம்) இருந்தால், 2026 முடியும் வரை கொடுக்கும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக் கழிவும் உண்டு. நம் சமூகத்துக்கென்று 1991இலிருந்து சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது, அங்கிருந்தே விசாரிக்க ஆரம்பிக்கலாம்.

எவ்வளவு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வருடத்துக்கு 2 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 300 வெள்ளி என்றால் 600 வெள்ளி, 10 வருடத்துக்கு 6,000 வெள்ளி. முதல் வருடம் பெரிதாகக் கொடுத்துவிட்டு மூன்றாம் வருடம் நின்றுபோவதைவிட இது எவ்வளவோ மேல். யாருக்குக் கொடுப்பது என்பதிலும் அவருடைய வேலை தெரிய வேண்டும். குற்றவியல் வழக்கறிஞர் சுபாஷ் ஆனந்தன் 2015இல் காலமானார், மஞ்சள் ரிப்பன் நிதியில் அவர் பெயரில் இருக்கும் உதவித்தொகை, சிறை சென்று மீண்டவர்கள் படிப்பதற்கானது. அவர் யாருக்காக வாதாடினாரோ அவர்கள் வழியாகவே அந்தப் பெயர் நிற்கிறது. உங்கள் மாமா முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையைத் தேடிப் போனவர் இல்லை என்று கடிதம் எழுதிய எல்லாருமே சொல்கிறீர்கள். அப்படியென்றால் உதவித்தொகையும் கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் போகட்டும்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. மாமாவிடம் படித்தவன். துக்க வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாமா இறந்துவிட்டார், அவருடைய இதயம் நின்றுவிட்டது, இனி வரமாட்டார், அவ்வளவுதான். தூங்குகிறார், சாமியிடம் போனார் என்று சுற்றி வளைத்தால் பிள்ளை தூங்கவே பயப்படும், அல்லது காத்துக்கொண்டிருக்கும். அழுதால் அழட்டும். ஐந்து நிமிடத்தில் விளையாடப் போனாலும் திட்டாதீர்கள், பிள்ளைகள் அப்படித்தான். மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், அதை அவர் மனைவியிடம் அவன் கையாலேயே கொடுக்கட்டும்.

கேள்வி: மாமாவின் குறிப்பேடுகள், பழைய நிகழ்ச்சிகளின் புகைப்படங்கள் எல்லாம் மூன்று பெட்டி நிறைய இருக்கின்றன. வீட்டில் இடம் இல்லை. வீசிவிடவும் மனம் வரவில்லை. யாருக்கு இதெல்லாம் வேண்டும்?

தயவுசெய்து வீசாதீர்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார், 1950களில் தமிழர் திருநாளைக் கொண்டாட வைத்தார், "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார், இதெல்லாம் நமக்கு இன்று தெரிகிறது, ஏனென்றால் அவர் கையில் ஒரு பத்திரிகை இருந்தது. தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களை இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். ஆனால் அதே திருநாளுக்குப் பந்தல் போட்டவர்கள், உண்டியல் ஏந்தி வீடு வீடாகப் போனவர்கள், சமைத்தவர்கள், அவர்களையெல்லாம் எங்கே தேடுவது? அவர்களிடம் பத்திரிகை இல்லை. பெட்டிகள் இருந்திருக்கும். வீடு மாறும்போது போயிருக்கும். கம்பம் என்ற பழைய கிராமக் குடியிருப்பிலிருந்து அடுக்குமாடிக்கு வந்த ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கூட்டாளிகள் நாலைந்து பேரை வீட்டுக்கு அழைத்துத் தேத்தண்ணீர் கொடுத்து உட்காரவையுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மெல்லிய பென்சிலால் எந்த இடம், எந்த வருடம், இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் இறங்கும். அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், "அன்றைக்கு மழை, கூடாரம் சாய்ந்துவிட்டது" என்று அவர்கள் சொல்லும் துண்டு துணுக்குகள் எந்த நிகழ்ச்சி அறிக்கையிலும் இருக்காது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து இந்த வேலையைத்தான் செய்துவருகிறது, அங்கே தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்திடமும் எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளமாட்டார்கள், அதற்கு மனம் உடையாதீர்கள். அவர்கள் வாங்காததை வருடிப் படமாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் பிள்ளைகளின் வீட்டு நிலவரம், யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்பதெல்லாம் இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமா செய்ததையெல்லாம் நான் எடுத்துச் செய்யணும் என்று ஆசை. எனக்கு 26 வயது, ஷிஃப்ட் வேலை. அவர் அளவுக்கு என்னால் முடியுமா என்று பயமாகவும் இருக்கிறது.

எல்லாவற்றையும் எடுக்காதீர்கள் தம்பி. ஒருவரே எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்ததால்தான் அவர் போனதும் இத்தனை பேர் தவிக்கிறார்கள். மாமாவே இருந்திருந்தால் இதை ஒத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ, நான் அழுத்திச் சொல்கிறேன். வகுப்பைக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் எடுத்துக்கொள்ளட்டும், எப்போதும் இரண்டு பெரியவர்கள் கண் பார்வையில் இருக்கும்படி நடத்துங்கள். மேசை நாற்காலி, நகர மன்ற அனுமதி, சமூக மன்றத்தோடு பேசுவது, இதற்கு ஓய்வுபெற்ற ஒருவர் போதும். ஒவ்வொரு வேலையையும் குறைந்தது இரண்டு பேர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உங்கள் ஷிஃப்ட்டைக் குறையாகப் பார்க்காதீர்கள். அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு வார நாளில் நேரம் கிடைக்காது, மருத்துவமனை முன்பதிவுகளோ பெரும்பாலும் வார நாளில்தான் வரும். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் செவ்வாய், புதன்தான் வயதானவர்களுக்குத் தேவைப்படும் நாள். பக்கத்தில் இருக்கும் துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் தொண்டூழியராகப் பதிந்துகொண்டு போங்கள், சக்கர நாற்காலியை எப்படிப் பேருந்தில் ஏற்றுவது, யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரைக் கூட்டிப்போகிறீர்களோ அவரிடம் அந்த நாளைத் தெளிவாகச் சொல்லுங்கள், வர முடியாத வாரம் என்றால் முதல் நாளே போன் போட்டு, உங்களுக்குப் பதில் யார் வருவார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.